நம் பிள்ளைகள் பேனா பிடிக்கலாகாதா?

"ஹஜ்ரத், நீங்களாவது என் மகளுக்கு நல்ல புத்தி சொல்லக் கூடாதா?" என்று அண்மையில் ஒருவர் என்னிடம் முறையிட்டார். சோளிங்கரில் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்த வேளை அது. காலணித் தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளராகப் பணிபுரிபவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவள். அவள் சென்னைக்குச் சென்று பத்திரிகைக் கல்வி பயில விரும்புகிறாளாம். "பொய் எழுதிப் பிழைக்கும் தொழில் நம் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு?" என்பது தந்தையின் கேள்வி.

"புத்தி தேவைப்படுவது அவளுக்கன்று, உங்களுக்கும் எனக்கும் இந்தச் சமுதாயத்துக்கும்தான்" என்றேன். மனத்தாங்கலோடு எழுந்து சென்றுவிட்டார். அவருக்கும் அவரைப்போல் எண்ணும் பெற்றோர் அனைவருக்கும் சேர்த்தே இதனை எழுதுகிறேன்.

நாம் இருவர் கூடினால் பேசுவது என்ன? பத்திரிகைகள் நம்மைத் தூற்றுகின்றன. தொலைக்காட்சிகள் நம்மைப் பயங்காட்டும் பொருளாக்குகின்றன என்பதே. அது பொய்யான குறையன்று. 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது தப்லீக் ஜமாஅத்தினர் மீது சுமத்தப்பட்ட பழியை மறந்தவர் யார்? அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டனர் என்று கண்டு, ஊடகங்களின் பிரசாரத்தையும் கண்டித்தது. ஆயினும் தீர்ப்பு வந்து சேர்வதற்குள் பழி ஊர்சுற்றி முடித்துவிட்டது. நீதிமன்றம் செல்ல நமக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஆனால் செய்தி எழுதப்படும் மேசையருகே, "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று முதல் நாளே கேட்க நம்மவர் எத்தனைபேர் இருந்தார்கள்? மருத்துவராகாதே என்று நாம் எந்தப் பிள்ளையையும் தடுத்ததில்லை. பத்திரிகையாளராகாதே என்று தடுத்துவிட்டு, பத்திரிகையில் நம்மவர் இல்லையே என்று அழுகிறோம். விதைக்க மறுத்த வயலில் நின்று விளைச்சலைக் கேட்பது எந்த நியாயம்?

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. 1882-இல் கண்டியில் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' இதழைத் தமிழில் தொடங்கினார். 1887-இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' நடத்தினார். பா. தாவூத்ஷா அரசாங்க உத்தியோகத்தைத் துறந்துவந்து 'தாருல் இஸ்லாம்' ஏட்டைத் தோளில் சுமந்தார். அவர்தம் கருத்துகள் சிலவற்றை உலமாக்கள் எதிர்த்தனர், நானும் ஏற்பதில்லை. எனினும் எழுத்து ஓர் அமானிதம் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பல்கலைக்கழகக் கல்வியிலும் நாம் பின்தங்கிப் புறப்பட்டவர்களல்லர். இந்நாட்டில் அன்னி பெசன்ட் அம்மையார் 1920-இல் அடையாற்றில் பத்திரிகைப் பயிற்சிக்கு வழிசெய்தார். அதற்கடுத்த முயற்சி எங்கே நிகழ்ந்தது தெரியுமா? அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில், 1938-இல், நீதிபதி சர் ஷா சுலைமான் அவர்களின் ஊக்கத்தால். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1947-இலும்தான் இத்துறையில் இறங்கின. ஆனால் அலிகரின் படிப்பு 1940-இலேயே நின்றுபோயிற்று. முந்திப் புறப்பட்டோம், முதலில் களைத்தும் போனோம். 1982-இல் தில்லி ஜாமிஆ மில்லிய்யா வெகுஜனத் தொடர்பு ஆய்வு மையத்தை நிறுவும்வரை நம் பெயர் தாங்கிய நிறுவனம் எதுவும் இத்துறையில் தலைநிமிர்ந்து நின்றதாகச் சொல்வதற்கில்லை.

"இது பொய்யும் புறமும் பேசும் தொழில், மார்க்கத்துக்கு ஆகாது" என்பார் உளர். மதரஸாவில் ஓதியவன் என்ற உரிமையோடு அவர்களைக் கேட்கிறேன்: செய்தியைச் சோதிக்கும் கலையை உலகுக்கு ஒரு சாஸ்திரமாகவே வகுத்தளித்தவர்கள் யார்? ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம், நம்பத்தகாதவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கிறது. அங்குள்ள சொல்லைத் 'தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் ஓதுவோர் உண்டு. 'உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்' என்ற பொருள்தரும் கிராஅத்தும் உண்டு. ஒரு செய்தியாளனுக்கு இவ்விரண்டையும் விட வேறென்ன பாடம் வேண்டும்? ஹதீஸ் கலையில் ஸனதை ஆராய்கிறோம். அறிவித்தவர் யாரிடம் கேட்டார், நேரில் சந்தித்தாரா, நினைவாற்றல் எத்தகையது, சங்கிலியில் ஒருவரை மறைத்தாரா என்றெல்லாம் துருவுகிறோம். ஜர்ஹு, தஃதீல் என்று அதற்கு நூல் நூலாக எழுதிவைத்தோம். கேட்டதையெல்லாம் சொல்லித்திரிவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதுமென்ற கருத்துள்ள நபிமொழியை இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹின் முன்னுரையிலேயே வைத்தார்.

புறம் பேசுவதைப் பற்றியோ எனில், இமாம் நவவீ 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் அது அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை எண்ணிக் காட்டுகிறார். அநீதியை முறையிடுவதும், மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். நேர்மையான செய்தியாளனின் வேலையும் பெரும்பாலும் இவ்விரண்டுதானே? பச்சைத் தோலை எவரும் செருப்பாக அணிவதில்லை. உப்பிட்டு, ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு, சதை நீக்கிப் பதனிட்ட பின்னரே அது காலுக்கு வருகிறது. தோலுக்கு இத்தனை பக்குவம் அறிந்த நாம், செய்தியை மட்டும் பச்சையாகவே கைப்பேசியில் பரப்புகிறோம். பத்திரிகைக் கல்வி என்பது செய்தியைப் பதனிடும் கல்வி.

"பெண்பிள்ளை ஊர்சுற்றலாமா?" என்ற வாதம் அடுத்தது. நான் ஒன்று கேட்கிறேன். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகளை நடத்துவது யாருடைய கைகள்? விடியற்காலைப் பேருந்துகளில் சாப்பாட்டுத் தூக்குடன் செல்லும் நம் வீட்டுப் பெண்களின் கைகளல்லவா? தையல் இயந்திரத்தின் முன் அமர அனுப்பும்போது வராத பயம், பேனாவைக் கையில் எடுக்கும்போது மட்டும் வருவானேன்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஸஹாபாப் பெருமக்களின் அறிவிப்புகளைத் திருத்தியுரைத்த இடங்களைத் திரட்டி இமாம் ஸர்கஷீ தனி நூலே இயற்றியிருக்கிறார். செய்தியைத் திருத்தும் தகுதி பெண்ணுக்கு உண்டென்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுமோ?

இனி, கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்திரிகைத் துறையில் நம் பிள்ளைகள் வேண்டும் என்று மேடையில் முழங்குவோரிற் சிலர் விரும்புவது செய்தியாளரையன்று. தமக்குக் கட்டியங் கூறுவோரை. நம் சமுதாய இதழ்களிலேயே விழாப் படங்களுக்கும் தனவந்தர் புகழுரைக்கும் கிடைக்கும் இடம் வேறெதற்குக் கிடைக்கிறது? இப்பகுதியின் தோல் தொழில் நமக்குச் சோறிட்டது; கல்விக்கூடங்களை எழுப்பியது. வாணியம்பாடியில் 1919-இல் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரியும், மேல்விஷாரத்தில் 1965-இல் எழுந்த அப்துல் ஹக்கீம் கல்லூரியும் அதன் அறங்கள். அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் பாழ்படுத்தியதும் உண்மை. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்சநீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் கடுந்தீர்ப்பளித்தது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். இவற்றைப் பற்றி நம் இதழ்களில் ஓர் ஆழ்ந்த கட்டுரையைப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் நீதிக்குச் சாட்சியாய் நிற்கச் சொல்கிறது. அது நமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக அமையினும் சரியே என்கிறது. பிறர் நம்மைப் பற்றி எழுதும் பொய்யை மறுக்க மட்டும் பிள்ளைகளைப் படிக்க வைப்போமாயின், அவர்கள் வக்கீல்களாவரேயன்றிச் சாட்சிகளாகார். நம் குறையை நாமே உண்மையாக எழுதும் நாளில்தான், நமக்கு இழைக்கப்படும் அநீதியை நாம் எழுதும்போது உலகம் நம்பும்.

"வருமானம் இல்லையே" என்பது இறுதி வாதம். உண்மைதான்; இத்துறையில் தொடக்கச் சம்பளம் சொற்பமே. அதனால்தான் இது தனிக் குடும்பத்தின் சுமையாக இராமல் ஊரின் கடமையாக வேண்டும் என்கிறேன். ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒரு மாணவனையோ மாணவியையோ தேர்ந்து இக்கல்விக்குப் பொருளுதவி செய்யட்டும். ஒரு நிக்காஹ் விருந்தின் செலவில் ஒரு பிள்ளையின் பட்டப்படிப்பே முடிந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: உதவியவர் எவரும் பின்னாளில், "என்னைப் பற்றி எழுதாதே" என்று அப்பிள்ளையின் கையைப் பிடிக்கலாகாது.

அந்தத் தந்தை மறுநாளும் தொழுகைக்கு வந்தார், ஸலாம் சொன்னார், வேறெதுவும் பேசவில்லை. மகளின் விண்ணப்பத்தில் இன்னும் கையொப்பமிடவில்லை என்று அறிகிறேன். சகோதரரே, இவ்விதழ் தங்கள் கைக்கு வந்து சேருமாயின், இதை மகளிடமே கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் அவளே எடுத்துக் காட்டட்டும். அதுவே அவளுடைய முதல் பாடமாக இருக்கட்டும்.