மணி கூட்டும் மரபணு யார் சொத்து?

தாம்பரம் சுற்றுவட்டார விவசாயப் பெருமக்களே!

நெல்லில் மகசூலைக் கூட்டும் மரபணுவைக் கண்டுபிடித்து, அதைத் திருத்திப் புது நெல்லும் கொண்டு வந்துவிட்டார்கள். 2025 மே 4-ந் தேதி டெல்லியில் மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு ரகங்களை அறிவித்தார். அதில் ஒன்று 'கமலா'. ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அதன் தாய் ரகம் எது தெரியுமா? ஆந்திரா பொன்னி என்றும் பி.பி.டி. என்றும் நாம் சொல்கிற அதே சம்பா மசூரிதான். ஆகவே இது எங்கோ நடக்கிற சமாச்சாரம் அல்ல. நம்ம நாற்றங்காலுக்கு வரப்போகிற விஷயம்.

அந்த மரபணு என்ன செய்கிறது? கதிர் கிளை விட்டு மணி கட்டுவதற்கு, பயிருக்குள்ளேயே சுரக்கும் ஒரு வளர்ச்சிச் சத்து தேவை. ஒரு மரபணு அந்தச் சத்தைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. அதன் வேலை குறைந்த நெல்லில் கதிருக்கு மணி கூடுகிறது என்பதை 2005-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். கமலாவில் அந்த மரபணுவைத்தான் 'கிறிஸ்பர்' என்ற முறையால் வெட்டி அடக்கியிருக்கிறார்கள். வேறு உயிரின் மரபணு இதில் இல்லை என்கிறார்கள். தாய் ரகத்தைவிட 19 சதவீதம் கூடுதல் மகசூல், 20 நாள் முன்னதாக அறுவடை என்பது அரசு சொல்லும் கணக்கு.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஏரியை நம்பி சம்பா போடுகிற நமக்கு 20 நாள் மிச்சம் என்பது சின்ன விஷயமா? கடைசித் தண்ணி இல்லாம பதராப் போன கதிரைப் பார்த்தவங்கதானே நாம! ஆனா கேட்க வேண்டியதைக் கேட்டே ஆகணும். இந்த விதை யாருக்குச் சொந்தம்?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம் டி.கே.எம். 6. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதற்கு உண்டு. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைக் கலப்பினத்தில் சேர்த்துத்தான் 1969-ல் ஐ.ஆர். 20 ரகத்தை வெளியிட்டது. அந்தக் குணத்துக்காக நாம் யாரிடமும் காசு கேட்கவில்லை. பதிலுக்கு ஐ.ஆர். 20 நம்ம வீட்டுக்கு வந்தது. அறுத்தோம், காய வைத்தோம், அடுத்த பட்டத்துக்கு விதை நெல் எடுத்து வைத்தோம், பக்கத்து ஊருக்கும் கொடுத்தோம். எவனும் வந்து தடுக்கலை. அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் நியாயம்.

இன்றைக்கு நிலைமை வேறு. கிறிஸ்பர் முறையின் முக்கியமான காப்புரிமைகள் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. நெல் நம்முடையது, வெட்டுகிற கத்தி அவர்களுடையது. கத்திக்கு வாடகை எவ்வளவு? அது விதை விலையில் ஏறுமா? போதாததற்கு, இப்படி வெளி மரபணு சேர்க்காமல் திருத்திய பயிர்களுக்கு, மரபணு மாற்றுப் பயிருக்கு உள்ள கடுமையான விதிகளிலிருந்து 2022 மார்ச்சிலேயே மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. அப்படியானால் சோதனைக் கணக்கைக் கேட்பது நம்ம வேலையாகிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, மறக்க வேண்டாம். 2001-ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, விதையை எடுத்து வைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க நமக்கு உரிமை தருகிறது. பிராண்டு பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். பதிவான ரகத்தின் விதை சொன்ன மகசூலைத் தராவிட்டால் நஷ்டஈடு கேட்கவும் வழி உண்டு.

இன்னொன்று. மரபணு மணியின் எண்ணிக்கையைக் கூட்டும். மணிக்குள் பால் பிடிக்க வைப்பது தண்ணீர். ஏரி மாவட்டம் என்று பேர் வாங்கிய நம்ம ஊர்களில் ஆயக்கட்டு பிளாட்டாகி, வாய்க்கால் தெருவாகி, மதகு திறந்தால் தண்ணீர் போக வழியில்லை. மாடம்பாக்கம், அகரம்தென், முடிச்சூர் பக்கம் போய்ப் பாருங்கள். வயலே இல்லாத ஊரில் 19 சதவீதம் கூடி என்ன புண்ணியம்?

எனவே நாம் கேட்பது:

1. கமலா விதையை எடுத்து வைத்து விதைக்கும் உரிமை பறிபோகாது, காப்புரிமைக் கட்டணம் எதுவும் விவசாயி தலையில் விழாது என்று அரசு எழுத்தில் தர வேண்டும். காப்புரிமை ஒப்பந்தம் போட்டால் அதைத் தமிழில் வெளியிட வேண்டும்.

2. எந்த ஊரில் எவ்வளவு விளைந்தது என்ற சோதனைக் கணக்கு முழுவதையும் வெளியிட வேண்டும். நம்ம ஏரிப் பாசன வயலில், நம் கண் முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும்.

3. மிச்சமிருக்கும் ஆயக்கட்டு நிலத்தில் பிளாட் போடத் தடை வேண்டும். அடைபட்ட வாய்க்கால்களை மீட்க வேண்டும்.

அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது வாருங்கள். இந்த மூன்றையும் மனுவாகக் கொடுப்போம். பதில் வராவிட்டால் தெருவில் இறங்குவோம்.

விதை நம் உரிமை! ஏரி நம் உயிர்!