எக்ஸ்ரே மிஷின் சேரி வாசலுக்கு வரட்டும்

அரூர் பக்கம் கல்லுடைக்கப் போகும் என் பெரியப்பாவுக்கு மூணு மாசமா இருமல். கொரோனா அடங்கின மறு வருஷம். நெஞ்சுக்கு ஒரு படம் புடிச்சிட்டு வாய்யான்னு டாக்டர் எழுதிக் கொடுத்தார். சீட்டு எழுத ஒரு நாள், படம் பிடிக்க ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள். மூணு நாள் கூலி போச்சு. மூணாம் நாளும், "படம் பாக்குற டாக்டரு இல்ல, திங்கக்கெழம வா" என்றார்கள். பெரியப்பா போகவில்லை. அடுத்த தடவை நாங்கதான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். காசநோய். ஆறு மாசம் மாத்திரை தின்னு உசுரு பொழச்சார். கல்லுடைக்கிற தெம்பு மட்டும் திரும்பி வரல.

இது ஒரு ஆஸ்பத்திரியின் குறை அல்ல. மிஷின் ரூமுக்குள் உட்கார்ந்திருக்கும், நோயாளி கூலியை விட்டுட்டு நடந்து வரணும் என்கிற ஏற்பாடே நம்ம சனங்களுக்கு எதிரானது.

இதை மாத்தவே முடியாதா? 2020லும் 2021லும் மாத்திக் காட்டினார்களே! சக்கரம் வைத்த எக்ஸ்ரே மிஷின் நோயாளியின் படுக்கைக்கே வந்தது. எங்கோ இருந்த டாக்டர் கம்ப்யூட்டரில் படம் பார்த்துச் சொன்னார். எல்லாச் சாதிக்கும் உசுரு பயம் வந்தப்போ மிஷின் நடந்தது. பயம் தணிஞ்சதும் அதை மறுபடி ரூமுக்குள் உட்கார வைக்கலாமா?

எக்ஸ்ரே மிஷின் என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில் எக்ஸ்ரேயை வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கா என்று கேட்டதோடு விட்டிருந்தால், கண்டுபிடித்த நோயாளிகளில் 100க்கு 42 பேர் தப்பிப் போயிருப்பார்கள். கணக்கெடுப்பை முன்னின்று நடத்தியது சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஏழைகள் சானடோரியத்தில் கிடக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959இல் உலகத்துக்கே நிரூபித்த இடமும் அதுதான். அன்று மருந்து வீட்டுக்கு வந்தது. இன்று மிஷின் ஏன் வரக் கூடாது?

மலைப் பாதை, செலவு என்று சாக்குச் சொல்வார்கள். இதே தர்மபுரியில் பொட்டப் புள்ளையைக் கருவிலேயே அழிக்க வீட்டுக்குள்ளேயே ஸ்கேன் மிஷின் வைத்தவர்கள் 2022இல் கைதானார்கள். கொல்ல வருகிற மிஷின் காப்பாத்த வராதா?

கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே இப்போது இருக்கிறது. 2024 டிசம்பரில் தொடங்கிய 100 நாள் காசநோய் முகாமில் அதைப் பயன்படுத்தினார்கள். நோய்க்கு 100 நாள் கணக்கு உண்டா? நாம் கேட்பது வருஷம் முழுக்க. பகலில் வந்தால் சேரியில் கிழவிகளும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். கூலி முடிஞ்சு வரும் சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் வரணும். சளியையும் அங்கேயே எடுக்கணும். படத்தைத் தர்மபுரி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, அன்னிக்கே பதில் வாங்கி, தமிழில் சொல்லணும். கம்ப்யூட்டரே படம் பார்த்துச் சொல்லலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒத்துக்கொண்டது. சொல்லட்டும், ஆனால் டாக்டர் கண்ணும் வேணும். மிஷினை இயக்க நம்ம புள்ளைகளையும் படிக்க வைத்து நிரந்தர வேலை கொடுக்கணும்.

ஒரு எச்சரிக்கை. சேரிக்கு மட்டும் வேன் வந்தால், "நோய் அங்கதான் இருக்கு" என்று முத்திரை குத்துவார்கள். அதனால் ஊருக்கும் போகட்டும். ஆனா வழக்கம் போல ஊர்க் கோயில் முன்னால வண்டிய நிறுத்திட்டு "காலனிக்காரங்க இங்க வாங்க"ன்னு கூப்பிடுற வேலை வேண்டாம். சேரி வாசலிலும் நிக்கணும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு எழுந்து வாருங்கள்.