எண்ணி முடித்தும் வெளிவராத முடிவு

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டார். தோற்ற தி.மு.க. வேட்பாளர் அப்பாவு தொடுத்த தேர்தல் மனுவை, தேர்தல் வழக்கு நடத்தும் ஒவ்வொருவரும் ஆதியோடு அந்தமாகப் படிக்க வேண்டும்.

தகராறின் மையம் 203 தபால் வாக்குகள். அவற்றின் உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பமிட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவர்கள் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர்கள் அல்லர் என்று சொல்லி, அந்த வாக்குகளை எண்ணாமலே தள்ளிவிட்டார்கள். வித்தியாசமோ 49. சான்றொப்பம் செல்லும் என்று ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், அந்தத் தபால் வாக்குகளையும் 19, 20, 21 ஆகிய மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ண 2019 அக்டோபரில் உத்தரவிட்டது. அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது. எண்ணிய கணக்கு அதுவரை வெளிவரவில்லை. ராதாபுரம் வாக்காளர்களுக்கு இதைவிடப் பெரிய அநீதி இருக்க முடியாது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் மனுதாரருக்கு 45 நாள் கெடு வைக்கிறது. ஒரு நாள் பிந்தினாலும் மன்னிப்பு கிடையாது. அதே சட்டத்தின் 86ஆம் பிரிவு, மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. 116சி பிரிவு மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம் சொல்கிறது. இவை இரண்டும் வெறும் விருப்பமாகவே நின்றுவிட்டன. இதில் நீதிமன்றத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. பூர்வாங்க ஆட்சேபணைக்கு மேல் ஆட்சேபணை போட்டு வாய்தா வாங்குவது நம் வழக்கறிஞர்கள்தாம்.

தள்ளுபடியான தபால் வாக்குகளைவிட வித்தியாசம் குறைவானால், முடிவை அறிவிக்கும் முன்பே அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று இன்று தேர்தல் ஆணையம் அறிவுறுத்துகிறது. நல்ல ஏற்பாடு. அதை முழுமையாகப் பயன்படுத்துவது எண்ணிக்கை முகவர்களின் கையில் இருக்கிறது. எந்த மேசையில், எந்தக் காரணத்துக்காக, எத்தனை வாக்குகள் தள்ளப்பட்டன என்பதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். விதி 63இன்படி மறு எண்ணிக்கை கோரும் மனுவைக் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். படிவம் 20இல் கையெழுத்து விழுந்துவிட்டால் தேர்தல் நடத்தும் அலுவலர் அதை ஏற்க முடியாது. விவரமில்லாத பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டுக்காக வாக்குச்சீட்டுக் கட்டுகளைப் பிரிக்க முடியாது என்று 1964இல் ராம் சேவக் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது.

இவ்வளவு செய்தும் வழக்கு ஐந்தாண்டு இழுத்தால் பயனில்லை. எனவே எங்கள் கோரிக்கை இது: நீதிமன்ற உத்தரவுப்படி எண்ணி முடித்த ஒரு கணக்குக்கு இடைக்காலத் தடை விதித்தால், அந்தத் தடைக்கு மூன்று மாத வரம்பு இருக்க வேண்டும். அதற்கு ஒரு சட்டத்திருத்தம் போதும்.