தீ எல்லைக்கோடு அறியுமா?

2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் மாண்டனர். அக்டோபர் 7 அன்று ஒசூரையடுத்த கர்நாடக எல்லையூர் அத்திப்பள்ளியில் மீண்டும் பட்டாசுத் தீ. கருகியோருள் பெரும்பாலோர் கூலிக்குச் சென்ற தமிழகத்து இளைஞர். விடுமுறையில் வந்த மாணவரும் உண்டு. இதனை விதியென்று கூறி ஒதுங்குவாரை நாம் ஒப்போம்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் திட்டம் கேட்கிறது. தொழிலாளியோ நாள்தோறும் மாநிலமே கடக்கிறான்! நிதியாவது உண்டா? 15ஆம் நிதிக்குழு 2021–26க்கு வகுத்த பங்கீட்டில் தணிப்புக்கு நூற்றுக்கு 20, முன்னேற்பாட்டுக்கும் பயிற்சிக்கும் 10. நேர்ந்தபின் நிவாரணத்துக்கும் சீரமைப்புக்கும் 70. மையித்துக்குக் காசோலை தருவதில் நமக்கு என்ன தாராளம்!

ஒசூரும் ஆனேக்கலும் கூடி ஒரே திட்டம், இரு அரசும் பங்கிடும் தனி நிதி, ஓர் ஒத்திகையேனும் வேண்டும்; அடுத்த தீபாவளிச் சரக்கு இறங்குமுன்பே வேண்டும்.