தூக்கிச் சுமந்த தோள்



அக்டோபர் 27 காலாட்படை தினம். 1947-ல் இதே நாளில் சீக்கிய ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் ஸ்ரீநகரில் விமானத்தில் போய் இறங்கியது. அதன் நினைவாகத்தான் ராணுவம் இந்த நாளைக் கொண்டாடுகிறது.

ஊட்டியை அடுத்த பெர்ன்ஹில்லில் உட்கார்ந்து இதை எழுதும்போது, சிப்பாயின் வாழ்க்கை முழுவதும் நம் நீலகிரி மலை ரயில் பாதையை ஒட்டியே இருப்பதாகப் படுகிறது. அடுத்திருக்கும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, 1858-ல் ஆங்கிலேயப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. கேத்தியைத் தாண்டினால் அருவங்காடு. இரண்டு உலகப் போர்களுக்கும் கார்டைட் வெடிமருந்து கொடுத்த தொழிற்சாலை அங்கே. அதற்கும் கீழே வெலிங்டன். 1758-ல் பிறந்த மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இங்குதான். நம் ஊர்ப் பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு வந்து, தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, 'வீர மதராசி, அடி கொல்லு' என்று முழங்கக் கற்றுக்கொள்ளும் இடம்.

குன்னூரில் வாழ்ந்து, 2008 ஜூன் 27-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்த ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவை நாம் எல்லோரும் அறிவோம். 1971 போரை வென்ற தளபதி. ஊட்டி பார்சி கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார். 1942 பிப்ரவரியில் அவர் 27 வயதுக் காலாட்படை கேப்டன். பர்மாவில் சிட்டாங் பாலத்தருகே ஜப்பானியர்களை எதிர்த்துத் தன் கம்பெனியை நடத்திப் போனபோது, எந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் வயிற்றைத் துளைத்தன. பிழைக்கமாட்டார் என்றே எண்ணி, படை அதிகாரி கோவன் தன் மார்பிலிருந்த மிலிட்டரி கிராஸ் நாடாவைக் கழற்றி அவருக்குக் குத்தினார்.

அப்படிப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போய் மருத்துவரிடம் சேர்த்தவர், அவருடைய ஆர்டர்லி சிப்பாய் ஷேர் சிங். காயம் பார்த்துக் கைவிரிக்கப்போன ஆஸ்திரேலிய மருத்துவர், என்ன நடந்தது என்று கேட்டார். கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றார் மானெக்‌ஷா. இந்த நிலையிலும் இப்படிப் பேசுகிறவரை விடக்கூடாது என்று அறுவை சிகிச்சை நடந்தது. மானெக்‌ஷாவின் மன உறுதிக்குச் சான்றாக இதை நாம் எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். அந்தப் பதிலைச் சொல்ல அவரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவரைப் பற்றி எவ்வளவு சொல்கிறோம்? ஷேர் சிங் இல்லாவிட்டால் 1971-க்கு அந்தத் தளபதி இல்லை. அந்தச் சிப்பாயின் பெயராவது நமக்குக் கிடைத்திருக்கிறது. அவரால் உயிர் தப்பியவர் பெரிய மனிதராக வளர்ந்ததால் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் எத்தனையோ ஷேர் சிங்குகள் நம் தெருக்களில் வாழ்ந்து முடிந்திருக்கிறார்கள். 'பட்டாளத்தார் வீடு' என்று ஊர் சொல்லும். அவர் எந்த பட்டாலியன், எந்தப் போர்முனை என்று கேட்டால் பேரனுக்கே தெரியாது. 1948, 1962, 1965, 1971 போர்களில் நின்றவர்களும் இன்று தள்ளாத வயதில் இருக்கிறார்கள். அவர்களோடு போய்விடக்கூடாத விஷயங்கள் இவை.

உங்கள் வீட்டுப் பட்டாளத்தாரிடம் போய் உட்காருங்கள். சண்டையைப் பற்றி உடனே கேட்டுவிடாதீர்கள். பலர் அதைப் பேச விரும்புவதில்லை. டிரங்குப் பெட்டியிலிருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதிலிருக்கும் எண், சேர்ந்த நாள், பதக்கங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, முகாமில் என்ன சாப்பிட்டார், யாரோடு பங்கர் வெட்டினார், முதல் சம்பளத்தை யாருக்கு அனுப்பினார் என்று ஆரம்பியுங்கள். மீதி தானாக வரும்.

எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். அது எங்கள் வேலை. அதிகாரியா சிப்பாயா என்று பாராமல், வருகிற இதழ்களில் அவர்கள் பெயரை ரெஜிமென்டோடு சேர்த்து அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்