மண்ணறிந்தாரும் மாலைக்குரியரே

விழா மலர்களிலே பட்டதாரிகளின் பெயர்வரிசை இடம்பெறுதல் மரபு. வைத்தியரும் எந்திரியும் அவ்வரிசையின் முன்னிற்பர். அவர்தம் பெற்றோரின் உவகையில் ஊரும் பங்குகொள்ளும். அது தக்கதே. ஆயின், பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலே புவிச்சரிதவியல் பயின்று பட்டம் பெறும் இளைஞரை நம்மவருள் எத்தனைபேர் போற்றுகின்றோம்? "கல்லைப் படித்தவன் எதை உண்பான்?" என்று வினவுவோரே பலர்.

அவ்வினாவுக்கு நம் வீட்டுக் கிணறே விடை கூறும். ஈழத்தின் பெரும்பகுதி தொன்மைமிக்க பளிங்குருப் பாறையாலாயது. யாழ்ப்பாணமோ மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நமக்கு, அக்கல்லின் வெடிப்புக்களிலே தங்கும் மழைநீரே உயிர். அந்நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை அறியாதார் யார்? நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால் உவர்நீர் ஏறக்குறைய 40 அடி மேலெழும் என்பது இத்துறையார் கணக்கு. இறைப்பு இயந்திரம் அளவின்றி இறைக்க, பசளையும் மலக்குழியும் எஞ்சிய நீரில் நைத்திரேற்றைக் கலக்கின்றன. இதனை அளந்து எச்சரிக்கவல்லவன் கல்லைப் படித்தவனே.

இத்துறை நமக்குப் புதிதுமன்று. ஆனந்த குமாரசுவாமியைக் கலைமேதை என்றே கொண்டாடுகின்றோம். அவர் 1900ஆம் ஆண்டில் இலண்டனிலே புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் சிறப்புப் பட்டம் பெற்றவர். இலங்கைக் கனிப்பொருளளவையின் முதற் பணிப்பாளராயிருந்து, தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்தவர்.

தொல்காப்பியனாரும் நிலத்தையும் பொழுதையுமே முதற்பொருள் என வைத்தார். இதனை ஆண்டுதோறும் வகுப்பிலே கற்பிக்கும் யான், விஞ்ஞானத்தில் விருப்புடைய மாணவன் ஒருவனுக்கேனும் இத்துறையை எடுத்துரைத்தேனல்லேன். குற்றம் என்மேலும் உண்டு.

ஆதலின், பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். புவிச்சரிதவியற் பட்டதாரிகளை அழைத்து மாலை சூட்டுக. அதனோடமையாது, மாணவர்முன் அவர்களைப் பேசச் செய்க. நம் கல்லூரிக் கிணற்று நீரை அவர்கள் மேற்பார்வையில் மாணவரே ஆண்டுதோறும் சோதித்துக் குறித்துவைக்க ஆவன செய்க. மாலை மாலைக்குள் வாடும். அக்குறிப்பேடோ அடுத்த விழாக் காணும் தலைமுறைக்கும் நன்னீர் காக்கும்.