செய்தவர் இல்லாத தவறு

இயங்குதள மேம்படுத்தல்களைப் பற்றி இலக்கிய வாசகர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அது பொறியாளர்கள் பாடு, நமக்குக் கவிதையும் நாவலும் போதும் என்பது அவர்கள் கட்சி. அவர்களிடம் நாங்கள் கேட்க விரும்புவது ஒன்றுதான்: உங்கள் கையெழுத்துப் பிரதி இப்போது எங்கே இருக்கிறது? பாதியில் நிற்கும் நாவலும், நான்கு வருட மொழிபெயர்ப்பும், பழைய சிற்றிதழ்களிலிருந்து தட்டச்சு செய்து சேர்த்தவையும் ஒரு வன்தட்டில் கிடக்கின்றன. அந்த வன்தட்டு இருக்கும் வீட்டின் சாவி இன்னொருவரிடமும் இருக்கிறது. அவர் மாதம் ஒருமுறையேனும் உள்ளே வந்து போகிறார். வருவதைப் பற்றி எங்களுக்கு வழக்கில்லை. வந்த இடத்தில் எதையாவது உடைத்துவிட்டால் அவர் பேசும் மொழி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் வழக்கு.

2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான பெரிய மேம்படுத்தல் ஒன்றை வெளியிட்டது. சில நாட்களிலேயே அதை நிறுத்திவைக்க நேர்ந்தது. நிறுவியவர்களில் சிலருடைய ஆவணங்களும் படங்களும் காணாமல் போயிருந்தன. காரணத்தை நிறுவனமே பின்னர் விளக்கியது. ஆவணங்கள், படங்கள் முதலிய கோப்புறைகளை வேறோர் இடத்துக்கு, உதாரணமாக இன்னொரு வட்டுக்கு, மாற்றிக்கொள்ளும் வசதி விண்டோஸில் உண்டு. அப்படி மாற்றிக்கொண்ட சிலரது கணினிகளில், அதற்கு முந்தைய மேம்படுத்தலுக்குப் பிறகு, பழைய இடத்தில் வெற்றுக் கோப்புறை ஒன்று இரட்டையாக வந்து நின்றது. புகார்கள் எழுந்தன. ஆகவே அடுத்த மேம்படுத்தலில் அந்த வெற்றுக் கோப்புறைகளைக் கூட்டித் தள்ள ஒரு நிரலைச் சேர்த்தார்கள். பழைய இடத்திலேயே கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்களின் கோப்புறைகளையும் அது சேர்த்தே கூட்டித் தள்ளியது. வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவர், பரணில் இருந்த ஏடுகளைக் குப்பை என்று எண்ணிவிட்டார்.

(ஏடுகள் அடுப்பிலும் ஆற்றிலும் போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே குறைந்தபட்சம் போட்ட கை எது என்று தெரிந்திருந்தது.)

இதைவிட எங்களை உறுத்தியது வேறு. கோப்புகள் மறைவதாக முன்னோட்டப் பயனர்கள் சிலர் வெளியீட்டுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். 2014இல் தொடங்கிய முன்னோட்டத் திட்டத்தில் சேர்ந்து, சம்பளமில்லாமல் சோதித்துச் சொல்லும் ஆர்வலர்கள் அவர்கள். அவர்கள் எழுதியது ஆயிரக்கணக்கான பிற கருத்துகளின் அடியில் கிடந்தது. விபத்துக்குப் பிறகுதான், பிழையின் கடுமையைக் குறிப்பிட அந்தப் படிவத்தில் தனி இடம் ஒதுக்கினார்கள். அதாவது 'சின்னத்தின் நிறம் பிடிக்கவில்லை' என்பதும் 'என் கோப்புகளைக் காணோம்' என்பதும் அதுவரை ஒரே குவியலில், ஒரே எடையில் கிடந்தன.

நிறுவனத்தின் விளக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தது: இழப்பைத் தெரிவித்தவர்கள் 0.01 விழுக்காடு. பொய்யான கணக்கு என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கணக்கை யாரிடம் சொல்வதற்காகப் போட்டார்கள்? இழந்தவரிடம் சொல்ல அல்ல. இழக்காத மற்ற அனைவரிடமும் 'இது உங்களுக்கு நேராது' என்று சொல்ல. தனி மனிதரின் துயரத்தைச் சராசரியில் கரைத்துக் காட்டும் இந்த உரைநடையை அரசாங்க அறிக்கைகளில் கண்டால் நாம் கொதிக்கிறோம். கணினித் திரையில் கண்டால் 'சரி' என்ற பொத்தானை அழுத்துகிறோம்.

மொழி என்றோம். 2015இல் விண்டோஸ் 10ஐ நிறுவ முயன்ற சிலருக்கு ஒரு அறிவிப்பு வந்தது. தலைப்பில் 'ஏதோ நடந்தது'. அதன் கீழே, விளக்கம் வரவேண்டிய இடத்தில், மறுபடியும் 'ஏதோ நடந்தது'. உலகம் முழுவதும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்ற அதன் தங்கை இன்றும் எல்லா நிறுவனங்களின் திரைகளிலும் குடியிருக்கிறாள். இலக்கணம் படித்தவர்கள் இந்த வாக்கியத்துக்கு எழுவாய் உண்டு என்பார்கள். உண்மைதான், 'தவறு' என்பதே எழுவாய். தவறு தானே வந்தது, தானே நேர்ந்தது. செய்தவர்தான் வாக்கியத்தில் இல்லை. ஆனால் அதே நிறுவனங்கள் புதிய வசதியை அறிவிக்கும்போது எழுவாய் தவறாமல் வந்துவிடும்: 'நாங்கள் உங்களுக்காக உருவாக்கியிருக்கிறோம்.'

இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு 2024 ஜனவரியில் கிடைத்தது. விண்டோஸ் 10க்கான ஒரு பாதுகாப்பு மேம்படுத்தல், வட்டில் மீட்புக்கென ஒதுக்கியிருந்த பகுதியில் இடம் போதாத கணினிகளில் நிறுவப்படாமல் தோற்றது. இடம் போதவில்லை என்று சொல்லியிருக்கலாம். திரையில் வந்ததோ பொதுவான ஒரு தோல்வி எண். சரியான பிழைச்செய்திக்குப் பதில் தவறான பிழைச்செய்தி காட்டப்படலாம் என்று நிறுவனமே குறிப்பெழுதியது. பிழையைச் சொல்வதிலும் பிழை. தீர்வு? பயனர் தாமே கட்டளைச் சாளரத்தைத் திறந்து, வட்டுப் பிரிவுகளைச் சுருக்கி, 250 மெகாபைட் இடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வரி பிசகினால் வட்டே போகக்கூடிய வேலை அது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் இதைச் செய்யச் சொல்கிறார்கள். தானாகச் சரிசெய்யும் வழி இனி வராது என்றும் பின்னர் அறிவித்துவிட்டார்கள்.

பழைய தமிழ்ப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்குப் 'பிழை திருத்தம்' என்ற தாள் நினைவிருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்திகள். பதிப்பாளர் தன் தவற்றை வரிசையாக எழுதி வாசகர் கையில் கொடுக்கிறார். வாசகர் விரும்பினால் பேனா எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் புத்தகம் அப்படியே இருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. பின்வந்த பதிப்பில் திருத்தங்கள் செய்தார். முதல் பதிப்பை வாங்கியவர் வீட்டு அலமாரியைத் திறந்து ஏட்டைக் கிழிக்கவில்லை. மிகை என்று தோன்றினால் 2009 ஜூலையை நினைவூட்டுகிறோம். காசு கொடுத்து வாங்கிய கிண்டில் வாசகர்களின் கருவிகளிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே சில மின்னூல்களை அழித்தது. அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று ஆர்வெலின் '1984'. பதிப்புரிமைச் சிக்கல் என்றார்கள், நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். சாவி அவர்களிடம் இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

நிற்க. மேம்படுத்தலே வேண்டாம் என்பவர்கள் அல்லர் நாங்கள். 2017 மே மாதம் வானாகிரை என்ற பணயத் தீநிரல் பிரிட்டனின் மருத்துவமனைகள் உட்பட உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று, வந்திருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். ஆனால் இந்த வாதத்தை முன்வைப்பவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். ஓட்டையை அடைப்பது வேறு. வாசற்படியை இடித்துப் புதிதாகக் கட்டுவது வேறு. விண்டோஸ் 10இல் இரண்டும் ஒரே வாசல் வழியாக, மறுக்க முடியாதபடி வந்தன. விண்டோஸ் 7 வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியே ஏற்கவும் தள்ளவும் முடிந்தது. 2016 அக்டோபரில் அவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். விண்டோஸ் 10இன் வீட்டுப் பதிப்பில் மேம்படுத்தலைச் சில நாட்கள் தள்ளிப்போடும் உரிமையே 2019 மே மாதம்தான் வந்தது, அதுவும் அதிகபட்சம் 35 நாட்கள். மருந்துக்குள் கசப்பை மறைக்க இனிப்பு வைப்பார்கள். இங்கே இனிப்பை விற்க மருந்தைக் காட்டுகிறார்கள்.

இன்னொரு வாதம்: 'நீங்கள் பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டாமா?' எடுக்கத்தான் வேண்டும். வாசக நண்பர்கள் இன்றே, இதைப் படித்து முடித்ததும், கணினியோடு இணைந்தே கிடக்காத ஒரு வன்தட்டில் எடுத்து வையுங்கள். மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும் மேம்படுத்தலை ஒரு வாரம் நிறுத்திவைத்து, பிறர் என்ன பட்டார்கள் என்று பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கூரை ஒழுகுமென்று குடியிருப்பவர் பாத்திரம் வைத்திருக்கவில்லை என்பது வீடு கட்டியவருக்கு ஒரு பதிலாகாது.

பின்னுக்குத் திரும்புவது தொழில்நுட்பத்தால் இயலாது என்பதும் பொய். உபுண்டு போன்ற லினக்ஸ் தளங்களில் புதிய கருநிரல் முரண்டு பிடித்தால் பழையதைத் தேர்ந்தெடுத்துக் கணினியைத் தொடங்கலாம். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், அவ்வசதியை ஏற்ற கைப்பேசிகளில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. புதியது எழ மறுத்தால் பழையது எழுந்துகொள்ளும். விண்டோஸ் 10இலோ பெரிய மேம்படுத்தலைத் திரும்பப்பெற முதலில் 30 நாட்கள் கொடுத்திருந்தார்கள். 2016 ஆகஸ்டில் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வருபவர் கதி என்ன என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரே நிறுவனத்தைக் குறிவைக்கிறோம் என்று எண்ண வேண்டாம். 2014 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 8.0.1, புதிய ஐபோன்களில் தொலைபேசி இணைப்பையே துண்டித்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள். 2024 ஜூலை 19 அன்று நடந்தது இயங்குதள மேம்படுத்தல்கூட அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு. 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றும் மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. சிறு குழுவுக்கு முதலில் அனுப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவர்களுக்கு அனுப்பும் எளிய வழக்கத்தை அந்தக் கோப்புக்குக் கடைப்பிடிக்கவில்லை. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், லாஸ் வேகாஸில் கணினிப் பாதுகாப்பு ஆர்வலர்கள் கூடிய அரங்கில் 'மாபெரும் தோல்வி'க்கான கேலிப் பரிசை அறிவித்தபோது, கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைவர் நேரில் மேடையேறி வாங்கிக்கொண்டார். ஊழியர்கள் பார்க்கும்படி அலுவலகத்தில் வைக்கப்போவதாகவும் சொன்னார். விளம்பரமாகவும் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். தவறுக்குச் செய்தவர் ஒருவர் உண்டு என்று சொல்லப்பட்டது. நாங்கள் கேட்பதும் அதற்கு மேல் அதிகமில்லை: திரையில் 'ஏதோ நடந்தது' என்பதை எடுத்துவிட்டு, நாங்கள் இன்னதைச் செய்தோம், அதனால் உங்களுடைய இன்ன கோப்பு போயிற்று, திரும்பப்பெற இன்ன வழி என்று மூன்று வரி. பக்கம், வரி, பிழை, திருத்தம்.